சவரிராயனின் இரண்டாவது தட்டு

போன் அலறியபோது அன்புராஜின் வாய் நிறைய நெத்திலிக் குழம்புச் சோறு இருந்தது.

கடைசிக் கவளம்.

விழுங்கினான். விரலை நக்கினான். இடது கையால் போனை எடுத்தான்.

டாக்டர் உஷாராணி. அவனுடைய மேலதிகாரி.

"அன்பு, எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான் மேடம்."

"ஒதியம்பட்டு சவரிராயன் வீட்டுப் பெட்டி வந்துடுச்சா?"

"வந்துடுச்சி மேடம்."

"அதத் தொடாத. யாரையும் தொட விடாத. சவரிராயன் மயங்கி விழுந்துட்டார். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. விழறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொன்னாராம்..."

"இன்னா மேடம் சொன்னாரு?"

"'பெட்டியில இருக்கற குழம்ப எவனும் வாயில வெச்சிடாதீங்க, அதுல கலந்திருக்கு.'"

அன்புராஜ் நக்கிய விரலைப் பார்த்தான்.

"இன்னா... இன்னா கலந்திருக்கு மேடம்?"

"அதச் சொல்றதுக்குள்ள நெனவு தப்பிடுச்சு. பெட்டிதான் ஒரே சாட்சி. இன்ஸ்பெக்டரோட வந்துட்டிருக்கேன்."

லைன் அறுந்தது.

அன்புராஜ் மேசையைப் பார்த்தான்.

வெள்ளைப் பெட்டி. மூடியில் சவரிராயன் வீட்டு ஸ்டிக்கர். உள்ளே...

காலி!

ஓரத்தில் ஒட்டியிருந்த மசாலாவைக்கூட அவன் விட்டு வைக்கவில்லை.

வில்லியனூர் ஸ்டேஷன் ரோட்டில், மாடியில் இரண்டு அறை. அதுதான் ஓர் உணவு ஆராய்ச்சியின் ஆபீஸ். கிராமத்து மக்கள் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். வாயால் கேட்டால் பதில் சரியாக வராது. இல்லாதவர் கூச்சப்பட்டுக் கூட்டிச் சொல்வார். இருப்பவர் கண் படும் என்று குறைத்துச் சொல்வார்.

அதனால் இரண்டாவது தட்டு.

வீட்டில் ஒருவர் தட்டில் எது விழுகிறதோ, அதே சட்டியிலிருந்து, அதே கரண்டியால், அதே அளவு ஒரு பெட்டியிலும் விழ வேண்டும். அந்தப் பெட்டியை அன்புராஜ் போய் வாங்கி வருவான். மிக்ஸியில் போட்டுக் கூழாக அடிப்பான். பாட்டிலில் அடைத்து லேபுக்கு அனுப்புவான். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று லேப் சொல்லும்.

பழுதில்லாத திட்டம். ஒரே ஒரு ஓட்டை.

அந்த ஓட்டைக்கு முப்பத்திரண்டு பல் இருந்தது.

அன்புராஜ் காட்டேரிக்குப்பத்துப் பையன். வில்லியனூரில் தனி ரூம். கீழே இருக்கும் மெஸ்ஸில் மாதச் சாப்பாடு. அந்த மெஸ் சாம்பாரில் சோடா மாவு தூக்கலாக இருக்கும். முதல் நாள் சவரிராயன் மனைவி ஜோஸ்பின் கட்டிக் கொடுத்த பெட்டியைத் திறந்தான்... வாசனை வந்தது... அவ்வளவுதான். பெட்டிச் சோறு இவன் வயிற்றுக்கு. மெஸ் பார்சல் மிக்ஸிக்கு!

மிக்ஸியில் அடித்த பிறகு எது யார் வீட்டுச் சோறு என்று யாருக்குத் தெரியப் போகிறது?

கொஞ்ச நாளாக ஜோஸ்பின் சமையலில் உப்புக் குறைந்துகொண்டே வந்தது. அதற்கும் வழி செய்திருந்தான். மேசை இழுப்பறையில் ஓர் உப்புப் பொட்டலம்.

இப்போது அந்தப் பொட்டலத்தைத்தான் பிரித்தான். ஒரு சொம்புத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினான். குடித்தான். தொண்டைக்குள் விரலை விட்டான்.

வரவில்லை.

ஜோஸ்பின் குழம்பு உள்ளே போனால் வெளியே வர மனசில்லாத குழம்பு.

ஆஸ்பத்திரிக்கு ஓடலாமா? ஓடினால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும்.

நெற்றியில் வியர்த்தது. விஷமா? மத்தியான வெயிலா? ஏப்பம் வந்தது. விஷமா? நெத்திலியா?

கீழே ஜீப் நின்ற சத்தம்.

அவன் மூளை யோசிக்கும் முன் கை யோசித்துவிட்டது. மெஸ் பார்சலைப் பிரித்தது. சோறு, சாம்பார், பொரியல்... எல்லாம் மிக்ஸியில்! ஒரு சுற்று. மறு சுற்று. கூழைப் பெட்டியில் வழித்து மூடியை அழுத்தினான்.

கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர் வீரமணிக்கு எதிலும் அவசரம் கிடையாது. மாடிப்படி ஏறியதற்கே ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். மூக்கைச் சுருக்கி அன்புராஜை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பின்னால் உஷாராணி. அவளுக்குப் பின்னால் அழுது சிவந்த கண்களோடு ஜோஸ்பின்.

"நீதான் அன்புராஜா?"

"ஆமா சார்."

"ஏன்பா இப்டி வேக்குது?"

"ஃபேன் ஓடல சார்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் வீரமணி. ஜோஸ்பின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கும் உன் வூட்டுக்காரருக்கும் தெனமும் சண்டையாமே. தெருவே சொல்லுது."

"உப்புக்குதான் சார் சண்ட."

"உப்புக்கா?"

"இந்த மேடத்தையே கேளுங்க சார்."

உஷாராணி முன்னால் வந்தாள். "லேப் ரிப்போர்ட்ல இவங்க வீட்டுச் சாப்பாட்டுல உப்பு ரொம்ப அதிகம்னு வந்துச்சு சார். சவரிராயனுக்கு ஏற்கெனவே பிரஷர், சுகர். நான்தான் உப்பக் கொறைங்கன்னு சொன்னேன்."

"கொறச்சேன் சார்," என்றாள் ஜோஸ்பின். "மறுக்கா ரிப்போர்ட்டு வந்துச்சி. அப்பவும் அதிகம்னாங்க. இன்னும் கொறச்சேன். அப்பவும் அதிகம்னாங்க. போன வாரத்துலருந்து உப்பு டப்பாவயே பரண் மேல தூக்கி வெச்சிட்டேன். ரிப்போர்ட்டு மட்டும் எறங்கவே மாட்டேங்குது. அவரு தட்டுல கை வெக்கிறதில்ல. பட்டினியா கெடந்து என்ன திட்டுறாரு."

"நானும் விடல சார்," என்றாள் உஷாராணி. "கெணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணேன். மண்சட்டிய டெஸ்ட் பண்ணேன். அம்மியச் சொரண்டி டெஸ்ட் பண்ணேன். எங்கேருந்து உப்பு வருதுன்னே தெரியல. அடுத்த வாரம் டெல்லி மீட்டிங்ல இதப் பத்தித்தான் பேசப் போறேன்."

அன்புராஜ் தரையில் ஓர் எறும்பைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று புரண்டது.

ஆரம்பிச்சிடுச்சு...

வீரமணி பெட்டியை இழுத்துத் திறந்தார். பழுப்பு நிறக் கூழ். போன் வருவதற்கு முன்பே அடித்துவிட்டதாக அன்புராஜ் முனகினான்.

"இதான் அவர் சாப்ட வேண்டிய குழம்பா?"

ஜோஸ்பின் எட்டிப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"சார், இது என் சமையல் இல்ல."

"எல்லாரும் அப்டித்தாம்மா சொல்வாங்க."

"லூர்து மாதா மேல சத்தியமா இல்ல சார். நான் வெச்சது நெத்திலிக் கொழம்பு. இதுல மீன் வாசனயே இல்ல. சோடா மாவு அடிக்குது."

"உன் வூட்லருந்து வந்த பொட்டி. உன் வூட்டு ஸ்டிக்கரு. உன் புருஷனே இதுல கலந்திருக்குன்னு சொல்லிட்டு விழுந்திருக்காரு. இப்ப இது உன்னுது இல்லன்னா எப்டிமா? கெளம்பு. மிச்சத்த ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

ஜோஸ்பினுக்கு அழுகை வரவில்லை. அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அவள் அன்புராஜைப் பார்த்தாள்.

"தம்பி, நீ சொல்லுப்பா. நீதான பொட்டிய வாங்கிக்கினு வந்த. சூடா இருக்குது, பாத்து எடுத்துக்கினு போன்னு நான்தான உன் கையில குடுத்தேன்? நீ ஒரு வார்த்த சொன்னா போதும்."

எறும்பு சுவரோரம் போய் மறைந்தது. இனிப் பார்க்க எதுவும் இல்லை.

ஒரு மாதமாகத் தனக்குச் சோறு போட்டவள் போலீஸ் ஜீப்பில் ஏறப் போகிறாள். அவளுக்கே தெரியாமல் போட்ட சோறுதான். ஆனாலும் சோறு!

எப்படியும் சாகப் போகிறோம். வேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அக்கா வெச்ச கொழம்பு இந்தப் பொட்டியில இல்ல சார்," என்றான்.

"பின்ன எங்கப்பா இருக்குது?"

அன்புராஜ் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

உஷாராணி அவன் வயிற்றையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியும்பா," என்றார் வீரமணி. "நீ கதவத் தொறந்தப்பவே நெத்திலி வந்து எனக்கு வணக்கம் சொல்லிச்சி. மீன் கொழம்புப் பொட்டியில மீன் வாசன இல்ல, உன் வாயில இருக்குது. அந்தம்மாவ ஜீப்ல ஏத்த விடுவியா மாட்டியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

உஷாராணி மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும்தானே அன்பு?"

அன்புராஜ் மறுபடி எறும்பைத் தேடினான்.

"எத்தன நாளா?"

"மொத நாள்லருந்து மேடம்."

"அப்போ லேபுக்குப் போனது?"

"மெஸ் சாப்பாடு மேடம்."

"அந்த உப்பு?"

"மெஸ் உப்பு மேடம்."

"அன்பு... நான் அம்மியச் சொரண்டியிருக்கேன் அன்பு."

"மன்னிச்சிடுங்க மேடம்."

"மெஸ்ஸுல உப்பு அதிகம்னு டெல்லியில போய்ச் சொல்ல இருந்தேனா?"

இப்போது ஜோஸ்பின் முன்னால் வந்தாள்.

"அப்போ என் வூட்டுக்காரர பட்டினி போட்டது நீதானா? உன் வாய்க்கித்தான் நான் உப்பு டப்பாவ பரண்ல ஏத்தி வெச்சனா?"

"எனக்கு அது தெரியாதுக்கா..."

"உப்பில்லாத அந்தக் கொழம்பையா இப்டி வழிச்சி நக்கி வெச்ச?"

"உப்பு இல்லன்னாலும் உங்க கொழம்பு நல்லாத்தான்க்கா இருந்துச்சி."

ஜோஸ்பினுக்குக் கோபம் தொடர வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் உதட்டோரம் கட்டுப்படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார்," என்றான் அன்புராஜ். "கலந்திருக்குன்னாரே சார் அவரு. நான் மொத்தமா சாப்ட்டுட்டேன். எனக்கு வயித்துல இன்னாமோ பண்ணுது. நான் சாவப் போறனா சார்?"

உஷாராணி பதறினாள். "ஐயோ, ஆமா! சார், மொதல்ல இவன ஆஸ்பத்திரிக்கு..."

வீரமணி ஏற்கெனவே எழுந்து அவன் தோளைப் பிடித்திருந்தார். "வாப்பா, ஜீப்ல ஏறு. லேப் ரிப்போர்ட்டு வர நாலு நாளு ஆவும். இந்த லேப் ரிப்போர்ட்டு நடந்தே வருது."

அப்போது அவர் போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், சவரிராயன் கண் முழிச்சிட்டார்," என்றார் டாக்டர். "விஷம் எதுவும் இல்ல. வெறும் வயித்துல சுகர் மாத்திரை போட்டிருக்கார். சுகர் எறங்கி மயக்கம். குளுக்கோஸ் ஏத்தியாச்சு. உங்ககிட்ட அவசரமா பேசணுங்கறார்."

மறு நிமிடம் கரகரப்பான ஒரு குரல்.

"சார், அந்தப் பொட்டிய யாராச்சும் தொட்டாங்களா?"

"தொட்டாச்சி. மொத்தமும் காலி."

"மாதாவே... யாரு, அந்தப் பொட்டிக்காரப் பையனா?"

வீரமணியின் புருவம் உயர்ந்தது. "உனக்கு எப்டிய்யா தெரியும்?"

"முந்தாநாளு பொட்டி வாங்க வந்தான் சார். போற போக்குல என் பொண்டாட்டிகிட்ட 'அக்கா, நேத்து கொழம்புல உப்பு சுத்தமா இல்ல'ன்னு சொல்றான். நான் உள்ள படுத்துக்கினு கேக்கறேன். லேபுக்குப் போன கொழம்புல உப்பு இல்லன்னு இவனுக்கு எப்டி சார் தெரியும்?"

அன்புராஜ் கண்களை மூடிக்கொண்டான்.

ஜோஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமாம், சொன்னான்! அவள் காதிலும் விழுந்தது. யோசிக்கவில்லை.

"ராவெல்லாம் யோசிச்சேன் சார். நான் இங்க உப்பு இல்லாம சாவறேன், இவன் என் சோத்த தின்னுட்டு எதையோ மாத்தி அனுப்புறான்னு புரிஞ்சிப் போச்சி. கையும் களவுமா புடிக்கணுமில்ல? இன்னிக்கி அவ பொட்டிய மூடி வெச்சிட்டு அந்தாண்ட போனப்ப..."

"போனப்ப?"

"நான்தான் கலந்தேன் சார்."

விழுந்தவர்தான் கலந்தவர்!

"இன்னாய்யா கலந்த?" வீரமணியின் குரலில் முதல்முறையாக அவசரம்.

"பேதி மாத்திர."

"எத்தினி?"

"மொதல்ல ஒண்ணுதான் சார் போட்டேன். அவன் ஆளு ஒசரமா இருக்கானே, பத்தாதுன்னு இன்னும் மூணு போட்டேன். அப்புறம் மனசு கேக்கல. ஏதாச்சும் ஆயிடப் போவுதுன்னு சொல்ல எழுந்தேன். தல சுத்திடிச்சி. பையன் நல்லாருக்கானா சார்?"

"இது வரைக்கும் நல்லாருக்கான்."

"யோவ்!" ஜோஸ்பின் போனைப் பறித்தாள். "உன்னால என்ன ஜீப்ல ஏத்தப் பாத்தாங்கய்யா."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது.

"ஏய் ஜோஸ்பினு."

"இன்னா?"

"ராத்திரிக்காவது உப்பு போடுவியா?"

போன் மறுபடி டாக்டர் கைக்குப் போனது. "சார், அந்தப் பையன் உயிருக்கு ஆபத்து இல்ல. உப்பு சர்க்கரை கரைசல் நெறையக் குடிக்கச் சொல்லுங்க. அடங்கினதும் இங்க கூட்டிட்டு வாங்க, ஒரு தடவ பாத்துடறேன். அதுவரைக்கும்... பாத்ரூம் பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க."

லைன் அறுந்தது.

உயிர் தப்பிய செய்தி அன்புராஜின் முகத்தில் பரவியது. சிரிப்பு உதடுவரை வந்தது.

அப்படியே நின்றது.

அவன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம்... பாகூர் பஸ் முதல் கியரில் கிளம்புவது போல. இரண்டாவது சத்தம் வாசல்வரை கேட்டது.

வீரமணி தோளை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"கேஸ் முடிஞ்சிதும்மா," என்றார். "இவனுக்குத் தண்டன குடுக்கற வேல எனக்கு இல்ல. நடந்துக்கினு இருக்குது."

அன்புராஜ் பாத்ரூமை நோக்கிப் பாய்ந்தான்!

"நில்லு அன்பு."

உஷாராணியின் குரல். அவன் கதவில் கை வைத்தபடி, கால்களைப் பின்னிக்கொண்டு திரும்பினான்.

அந்த ஆராய்ச்சியில் சாப்பாடு மட்டும் சேகரிப்பதில்லை. சாப்பாடு போய்ச் சேரும் இடத்திலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். அலமாரியில் அதற்கென்று நீல மூடி போட்ட பாட்டில்கள் வரிசையாக நின்றன.

உஷாராணி அதில் ஒன்றை எடுத்தாள். சவரிராயன் வீட்டு ஸ்டிக்கரைப் பொறுமையாக ஒட்டினாள். அவன் கையில் வைத்தாள்.

"ஒரு மாசமா அந்த வீட்டுச் சாப்பாடு எங்க போச்சுன்னு தேடிட்டிருந்தேன். இதையாவது மெஸ்ஸுலேருந்து வாங்கி வைக்காம, உன்னோடதையே குடு."