என்ன கூட்டம்?

அந்தச் சனிக்கிழமை காலை, சாய்ராம் வீட்டு டிரைவ்வேயில் நின்று லைஃப் ஜாக்கெட்டுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படகுப் பயணத்துக்குப் பிறகும் உப்பைக் கழுவிவிட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். கராஜ் வழியாக உள்ளே குரல் கொடுத்தான்.

"மதி... டிகாஷன் இருக்கா, புதுசா போடணுமா?"

"இருக்குதுங்க. பாலைச் சுட வெச்சு எடுத்துட்டு வர்றேன்."

அவள் காப்பியோடு வெளியே வந்தபோது குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் புல்தரையில் சரிந்து கிடந்தான். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டின் அந்த அமைதியான தெருவுக்குள் ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது... வந்தும் பயனில்லை. இதயம் என்றார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால், முதன்முதலில் பார்த்தபோது வான்மதி அவனைத் துளியும் நம்பவில்லை.

அது மடகோர்டா துறை. ஒரு கடை, ஒரு டீசல் பம்பு, நிறையக் கொக்குகள் என்று டெக்சஸ் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் இடம். கீமாவில் கிளம்பி, கரையை ஒட்டிய கால்வாய் வழியே சின்னச் சின்னப் படகுத்துறைகளில் தங்கித் தங்கி, போர்ட் ஓ'கானர் வரை போவதாகத் திட்டம். படகு மதனுடையது. அவன் மனைவி பிரீத்தி, வான்மதியின் கோயம்புத்தூர்க் கல்லூரித் தோழி. மூன்று பேர்தான்.

அன்று அங்கே மீன்பிடிப் போட்டி. துறை முழுக்கப் படகுகள். முன்பக்கம் நின்று வான்மதி கயிற்றை வீசினாள். தண்ணீரில் விழுந்தது. மறுபடியும் வீசினாள். மறுபடியும் தண்ணீர்.

"அட எளவே... போய்த் தொலை!"

அடுத்த வீச்சை ஒரு கை பிடித்தது. தூறலில் நனைந்த சட்டை... இமை நுனியில் நின்றுவிட்ட மழைத்துளி... அதற்குப் பின்னால் சிரிக்கும் இரண்டு கண்கள்.

"தமிழா!" என்று அந்தக் கண்கள் விரிந்தன. பிறகு அவன் ஏதோ கேட்டான். எஞ்சின் இரைச்சல் பாதியை விழுங்கிவிட, மீதி மட்டும் அவள் காதில் விழுந்தது.

"...என்ன கூட்டம்ங்க?"

வான்மதியின் முகம் இறுகியது.

கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். எந்தக் குலம்... பங்காளியா, இல்லை பெண் எடுக்கலாமா? தரகர் வாயில் முதலில் வரும் வார்த்தை அது. இந்த அத்துவானத்திலுமா?

"ஏன், சொன்னா இப்பவே பூ வெச்சு நிச்சயம் பண்ணிருவீங்களா?"

"பூவா?" அவன் திருதிருவென்று விழித்தான். "எந்தப் பூ?"

அவள் தன் பக்கத்துக் கயிற்றைப் பொத்தென்று கீழே போட்டாள். கயிறு அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. படகு போய்த் துறையில் முட்டியது.

"வான்மதி! கயித்தை ஏம்மா விட்ட?" என்று உள்ளேயிருந்து மதன் கத்தினான்.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் கவின் மாப்பிள்ளை வீட்டாரை 'எதேச்சையாக' வரவழைப்பதில் கைதேர்ந்தவன். ஒருமுறை ஹூஸ்டன் மீனாட்சி கோவில் கேன்டீனில் அவள் பாட்டுக்குப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர் மேஜையில் ஒரு குடும்பம். ஒரு வாரம் கழித்துத்தான் அண்ணி சொன்னாள்... "பொண்ணு ரொம்ப அவசரமாச் சாப்பிடுது"ன்னுட்டாங்களாம். தன்னை யாரோ பார்த்து, எடைபோட்டு, வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனது அவளுக்கே தெரியாது! அன்றிலிருந்து எதிர் மேஜையில் யார் உட்கார்ந்தாலும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. இனி ஒருமுறை இப்படி நடந்தால் உங்கள் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

பிரீத்தி மட்டும்தான் அவளை ஏமாற்றாதவள். இப்போது அவளுமா?

"ஏன்டி, எங்கண்ணன் சொல்லித்தான இந்த ட்ரிப்பு?"

"சத்தியமா இல்லடி! அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது." பிரீத்தி கரையை எட்டிப் பார்த்தாள். "ஆனா... நல்லாத்தான் இருக்காரு."

"பாத்தியா! பாத்தியா!"

அவன் பெயர் சாய்ராம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து வேலை மாற்றலாகி ஹூஸ்டன் வந்தவன். நண்பன் ஷ்ரேயஸின் படகில் வந்தானாம். மோட்டார் மக்கர் பண்ணுகிறதாம். கார் போர்ட் ஓ'கானரில் நிற்கிறதாம்... கூட வரலாமா?

"தாராளமா வாங்க பாஸ்," என்றான் மதன்.

மோட்டார் சரியாக இங்கேயா கெடும்? கார் சரியாக நாங்கள் போகிற ஊரிலேயா நிற்கும்? வான்மதி அவனுக்கு எதிர்ப்புறமாக, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்றான் அவன்.

"ஹாஸ்பிடல் பார்மசில. சம்பளமும் சொல்லணுங்களா?"

"ஐயோ, வேண்டாம்! ஏதாவது மருந்து வெச்சிருப்பீங்களான்னு..." உள்ளங்கையை நீட்டினான். கயிறு உரசிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு.

அவள் முகத்தைப் பார்க்காமலே மருந்து போட்டுக் கட்டினாள். நம்பாதவன் கை ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது... அந்த எண்ணத்தின் மீதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மடகோர்டாவைத் தாண்டியதும் கால்வாய் கொலராடோ ஆற்றைக் குறுக்கே கடக்கிறது. அங்கே பெரிய மதகுகள். திறக்கும்வரை எல்லாரும் காத்து நிற்க வேண்டும். போகிற வழியிலேயே வான்மதி தயிர்சாதம் பரிமாறினாள். அவன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான்.

"நீங்க பண்ணதா?"

சமையல் பரீட்சையும் முடிந்தது, என்று நினைத்துக்கொண்டாள்.

வளைவு திரும்பியதும் மதகுக்கு முன்னால் சரக்குப் படகுகள், ரயில் பெட்டிகளைப் போல, பார்வை போகும் தூரம்வரை. சாய்ராம் தட்டோடு எழுந்து நின்றான்.

"அடேங்கப்பா... இங்கயும் என்ன கூட்டம்ங்க!"

வான்மதியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இப்ப... என்ன சொன்னீங்க?"

"கூட்டம்னேன். துறையிலயும் அதானே கேட்டேன், இன்னிக்கு இங்க என்ன கூட்டம்னு? நீங்கதான் பூ, நிச்சயம்னு ஏதோ..."

பிரீத்தி சிரித்த சிரிப்பில் மெத்தையிலிருந்து நழுவிவிட்டாள். "இவ... நீங்க குலங்கோத்திரம் கேட்டீங்கன்னு நெனச்சுட்டா! எங்க பக்கம் கூட்டம்னா அதுதாங்க!"

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு காது வரை சிவந்தான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நங்கநல்லூர்ல ரெண்டே கூட்டம்தான்... கோவில் கூட்டம், பஸ் கூட்டம்."

வான்மதி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை. மழை வலுத்தது. அவன் மழையைப் பார்க்கவில்லை.

அப்படியென்றால்... இவனை யாரும் அனுப்பவில்லை! அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. யாரும் அனுப்பாதவனை வீட்டில் யாரும் ஏற்கவும் மாட்டார்கள். அவள் மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இன்னும் கோபமா?"

"இல்லீங்க. நீங்க எங்கண்ணன் அனுப்புன ஆளாவே இருந்திருக்கலாம்."

"ஏன்?"

"வேண்டாம்னு சுலபமாச் சொல்லியிருப்பேன்."

அவன் காலித் தட்டை மழையில் நீட்டிக் கழுவத் தொடங்கினான்.

போர்ட் ஓ'கானரில் படகைக் கட்டி முடிக்கும்போது மழை விட்டிருந்தது. பின்னாலேயே இன்னொரு படகு சீறிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அதிலிருந்தவன் உற்சாகமாகக் கை ஆட்டினான்.

"டேய் சாய்! ஒர்க்கவுட் ஆச்சா?"

ஷ்ரேயஸ்! வான்மதி மெல்லத் திரும்பினாள்.

"மோட்டார் மக்கர்னு சொன்னீங்க?"

"காலைல மக்கர்தான்... நீங்க கயித்தைக் கீழ போட்டீங்களே, அதுக்கு முன்னாடியே சரியாயிடுச்சு."

"அப்ப பொய்யா!"

"பொய்தான்." அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேற எப்படிக் கூட வர்றதுன்னு தெரியலை. திட்டினாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுட்டு இருக்கலாம்னு தோணித்து. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, வான்மதி."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லை. நானா வந்தேன்."

அவளை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். தானாக வந்தவன் இவன் ஒருவன்தான். வான்மதி அவன் கண்களை நேராகப் பார்த்தாள். யாரோ சொல்லிக் கொடுத்ததன் சாயலைத் தேடினாள்; அது அங்கே இல்லை. பிறகு அவனுக்கு எதிரிலேயே அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணா... எனக்கு ஒருத்தரைப் புடிச்சிருக்குதுங்ணா. நானேதான் பாத்தேன்."

கவினின் குரல் பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டது.

"என்ன கூட்டம்?"

"கூட்டமெல்லாம் இல்லீங்ணா. அவரு ஒருத்தருதான்."

கவின் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நாள்கணக்கில் பேசவில்லை. ஆனால் கல்யாணத்தன்று மீனாட்சி கோவிலில், எல்லாருக்கும் முன்னால் வந்து, மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

சாய்ராம் போன பிறகு, மதனும் பிரீத்தியும் ஒருமுறை அவளை அந்த வழியே அழைத்துப் போனார்கள். எல்லாத் துறைகளிலும் தங்கினார்கள். போர்ட் ஓ'கானரில் கயிற்றை அவளே கட்டினாள்.

"கடல் ஏறி இறங்கறதுக்கு எவ்வளவு தளர்த்தி விடட்டுங்ணா?"

"கொஞ்சம் போதும்மா," என்றான் மதன்.

அந்தக் கரையில் கடல் ஓரடிக்கு மேல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.