பத்து மூச்சு

ஆறு மணிச் சங்கு ஊதியதும் பெண்கள் சீண்டுபொறியின் முன் வரிசையாக நின்றார்கள். அட்டையைக் காட்டினால் மட்டும் ஆலைக் கதவு திறக்காது. ரப்பர் கூம்புக்குள் முகத்தைக் கொடுத்து, பத்து மூச்சு ஓசோனை இழுத்தால்தான் திறக்கும். இழுத்தவர்கள் ஓரமாகக் குந்தி இருமினார்கள். வாயில் ஆணியைச் சப்பிய ருசி. அப்புறம் எதைத் தின்றாலும் அதே ருசிதான்.

தூத்துக்குடிக் கடலோரத்தில் உப்புநீரைக் குடிநீராக்கும் ஆலை அது. ஓசோன் தொட்டிகளைக் கழுவ முதலில் எந்திரங்களை இறக்கினார்கள். ஒரே மாதத்தில் அரித்துப்போயின. மனிதர்களை இறக்கினார்கள். மனித உடம்பும் உள்ளுக்குள் துருப்பிடிக்கத்தான் செய்யும். அதற்காகக் காவல் ஈஸ்ட்டை ரத்தத்தில் ஏற்றினார்கள். மாவைப் பொங்க வைக்கும் அதே இனத்தைத் திருத்தியது. ஓசோன் எலக்ட்ரானைப் பிடுங்கிய இடத்தில் இது எலக்ட்ரானைக் கொடுத்து, கெட்டுப்போனதைப் பழையபடி ஆக்கிவிடும்.

“அடி வாங்குன ஈஸ்ட்தான் அடுத்த அடிக்கு நிக்கும். தெனம் கொஞ்சம் சீண்டலேன்னா தூங்கிரும்,” என்று ஊசி போட்ட அன்றே மேற்பார்வையாளர் தேவசகாயம் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் கஷ்டப்படுவது உடம்புக்கு நல்லது என்று முதலாளி ஆட்கள் சொல்லிச் சொல்லிப் புளித்த காதுகள் அந்தப் பெண்களுடையவை. இதையும் அந்தக் கணக்கிலேயே தள்ளிவிட்டன.

பாக்கியத்தாயின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

“மதினி, எம்மவ கல்யாணத்துலயாவது பாயாசம் பாயாசமா இருக்கணும். நாக்கு தெளிய மூணு நாளாவது வேணும்,” என்றாள் வியாழனன்று.

அவள் அண்ணன் மனைவி சிலுவையம்மா அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். “கொண்டா. ஒனக்கும் சேத்து நான் மூஞ்சியக் குடுக்கேன். எருமை மாதிரி இருக்கேன்லா. சம்பந்தக்காரி முன்னால நீ இருமாம நின்னாப் போதும்.”

பொறிக்கு அட்டை தெரியும், முகம் தெரியாது. தேவசகாயமோ அந்தக் காற்றுப் பக்கமே வரமாட்டார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சிலுவையம்மா இருபது மூச்சு இழுத்தாள். சனிக்கிழமை பாக்கியத்தாய் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அதக்கிக்கொண்டு, “மதினி, இனிக்கு!” என்று சிரித்தாள்.

தொட்டியில் இறங்குவது எப்போதும் திங்கட்கிழமைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியமே மூன்றாம் தொட்டியில் சகதி அடைத்துக்கொண்டது. இருவரையும் இறங்கச் சொன்னார்கள்.

“நீ வேண்டாம் பிள்ள. நான் மட்டும் போறேன்.”

“ஒத்த ஆளா எப்பிடி அள்ளுவீய? சீண்டலெல்லாம் சும்மா மெரட்டு மதினி.” வெல்லம் கரையும் முன்பே பாக்கியத்தாய் ஏணியில் கால் வைத்துவிட்டாள்.

பத்தாவது நிமிடம் சகதியிலேயே உட்கார்ந்தாள். “மூச்சு உள்ள போவமாட்டேங்கு…”

சிலுவையம்மா தோளில் போட்டுத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

தேவசகாயம் பதிவைப் பார்த்தார். மூன்று நாளும் பாக்கியத்தாய் சீண்டல் வாங்கியதாகவே இருந்தது. “பெறவு எப்பிடிச் செத்தா?”

“அவளுக்குள்ளதயும் நாந்தான்யா வாங்குனேன். நாந்தான் கொன்னுட்டேன். என்னைய என்ன வேணாலும் செய்யுங்க.”

அவர் ஏசவில்லை. அவள் நெஞ்சில் கருவியை வைத்து மூச்சொலியை வெகுநேரம் கேட்டார். “மூணு நாளும் இருவதா? அதான் தொட்டிக்குள்ள போயும் நீ ஒரு இருமல்கூட இருமல!” என்றவர், வியப்போடு அதைக் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் எல்லோருக்கும் இருபது.

கல்யாணம் தள்ளிப்போனது. எட்டாம் நாள், தாயின் இடத்துக்கு மகள் ஜெனோவா வந்தாள். பத்தாவது மூச்சில் முகத்தை உருவிக்கொண்டு திரும்பினாள். கண்ணிலும் மூக்கிலும் நீர்.

“அத்தை, மிச்சத்த நீங்க வாங்கிக்கிடுங்களேன். அம்மைக்குச் செஞ்சீயல்லா?”

சிலுவையம்மா அவள் பிடரியில் கை வைத்தாள். முதலில் அது தடவிக்கொடுப்பது போலத்தான் இருந்தது. பிறகு அந்த முகத்தைக் கூம்புக்குள் வைத்து அழுத்தினாள். பெண் திமிறினாள். கை விடவில்லை.

“பதினொண்ணு,” என்று எண்ணினாள்.