கடைசிப் பந்தியில் அரசி

மேற்கே சரிந்துகொண்டிருந்த கதிரவன் கருமணியாற்றின் நீர்ப்பரப்பில் குங்குமக் குழம்பைக் கரைத்துவிட, கோட்டையைச் சூழ்ந்த பகைவர் பாசறையின் அடுப்புப் புகை சோம்பலாக வானத்தில் ஏற, முற்றுகையில் கிடந்த வெண்குன்றக் கோட்டையின் கீழ்த்திசை மாடத்தின்மேல் முழுநிலவு மெல்ல எட்டிப் பார்த்தது. அன்பார்ந்த வாசகர்களே, இந்த அழகில் மயங்கிவிட வேண்டாம். உள்ளே, சந்தனம் மணக்கும் முடிசூட்டு மண்டபத்தில், பெருமக்கள் சிலர் மிகமிக மரியாதையான சொற்களால் ஒரு படுகொலையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடி சூடவிருந்தவள் மறைந்த அரசரின் ஒரே மகள் பூதநாச்சி. பங்காளிகள் வைக்கும் நஞ்சுக்குப் பயந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே அவளை ஓரிக்குளத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் சாத்தன் வீட்டில் வளர்ந்தவள் அவள். அரசர் கண்மூடியதும் பெருமக்களுக்கு முடிசூட்ட ஒரு தலை தேவைப்பட்டது, அழைத்து வந்தார்கள். தலைக்குள்ளே ஏதேனும் இருக்கக்கூடும் என்று அவர்கள் எண்ணவில்லை.

"தேவியார் இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்க்கத் திருவுள்ளம் கொள்ள வேண்டும்" என்று குனிந்தார் முதலமைச்சர் திருமலையுடையார். "புறக்கோட்டையில் புகுந்தோர் வெளியேறக் கடவர். இவ்வளவுதான்."

புதிய அரசர் முடி சூடியதும் சொல்லும் முதல் மொழி அந்த நாட்டில் மாற்ற முடியாத ஆணை. சொன்னவரே நினைத்தாலும் அது மாறாது. முற்றுகைக்கு அஞ்சிப் புறக்கோட்டையில் தஞ்சம் புகுந்த உழவர்களைத் துரத்திவிட்டால் களஞ்சியத்து நெல் மழைக்காலம்வரை தங்களுக்கு வரும் என்று கணக்கிட்ட பெருமக்கள், பழியை அந்தப் பெண்ணின் நாக்கில் ஏற்றிவைத்துவிட்டால் தங்கள் கை சுத்தமாயிருக்கும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"வெளியே போனா எங்கே போவாங்க?" என்றாள் பூதநாச்சி.

"அவரவர் விதி, தேவி."

"விதியா? வேலோட வாசல்ல நிக்கிறானே பகைவன், அவன் பேரா அது?"

தளபதி வில்லவராயர் மீசைக்குள் சிரித்தார். "தேவியாரின் பேச்சில் சேற்று வாடை இன்னும் போகவில்லை."

"சேறு கழுவினா போயிடும், தளபதியாரே." அவள் அமைச்சரிடம் திரும்பினாள். "களஞ்சியத்து நெல் யாரோடது?"

"அரண்மனையுடையது."

"அதுக்கு முன்னாடி?"

அமைச்சருக்குத் திடீரென்று மாலையைச் சரிசெய்யும் வேலை வந்துவிட்டது.

சாளரத்துக்குக் கீழே புறக்கோட்டை தெரிந்தது. அந்த நெல்லை விளைவித்தவர்கள் மதில் ஓரத்தில் கீரைத் தண்டை வேகவைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

சங்கு முழங்கியது. மணிமுடி தலையில் அமர்ந்தது. அரசரின் வாய்மொழியைக் கேட்டு எழுதும் அதிகாரி இளங்காரியார் எழுத்தாணியை உயர்த்தினார்.

அந்தக் கணத்தில் பூதநாச்சிக்கு நினைவு வந்தது ஒரு பஞ்ச வருடம். ஓரிக்குளம் ஒன்றும் சொர்க்கமில்லை. பொறாமையும் வரப்புச் சண்டையும் அங்கே குறைவில்லை. ஆனால் தண்ணீரைப் பங்கிடுகிறவன் வயலுக்குக் கடைசியில்தான் தண்ணீர். அந்த வருடம் கடைசிக்கு எதுவும் மிஞ்சவில்லை. சாத்தனின் பயிர் கருகியது. வீடே அல்லிக் கிழங்கைத் தின்று கிடந்தது. சிறுமி பூதநாச்சி அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் இன்னொரு கிழங்கை உரித்து அவள் இலையில் வைத்தான். ஊரும் அவனைப் புகழவில்லை; அது முறை, அவ்வளவுதான். முறை என்றால் என்னவென்று இந்தப் பட்டுக் குவியலில் ஒருவனுக்காவது தெரியுமா?

"புறக்கோட்டையில் புகுந்தோர்..." என்று தொடங்கினாள். அமைச்சர் மனநிறைவோடு கண்களை மூடிக்கொண்டார்.

"...களஞ்சியத்தின் முதல் மரக்காலைப் பெறக் கடவர். அடுத்து மதில் காப்போர். பங்கிடும் வீடு கடைசியில் உண்ணும். நெல்லைப் பங்கிடுவது இந்த அவை. ஆகவே இந்த அவை கடைசியில் உண்ணும். அவைக்கும் கடைசியில் நான்."

இளங்காரியாரின் எழுத்தாணி ஓலையைக் கீறியது.

"தேவி, இது ஒத்திகையில் இல்லாதது" என்றார் அமைச்சர், கண்களைத் திறந்து.

"ஆமா. உங்க ஒத்திகையில பசியும் இல்ல."

"இளங்காரியாரே, எழுதுவதை நிறுத்தும்."

"முதல் மொழி, ஐயா" என்றார் அவர் தலை நிமிராமல். "உங்களுக்கும் எனக்கும் அதைத் தொட உரிமையில்லை. காலையில் நீங்கள்தானே அவைக்கு அதை நினைவூட்டினீர்கள்."

வில்லவராயரின் சிரிப்பு மீசையிலேயே காய்ந்துபோயிருந்தது. "நெல் போதாமல் போனால், தேவி?"

"போதாதுன்னா முதல்ல நமக்குத்தான் போதாது, தளபதியாரே. கோட்டைக் கதவைச் சாத்திக்கிட்டு விருந்து சாப்பிட்ட உங்களுக்கு, சீக்கிரம் சண்டை போட்டு முடிக்கணும்னு அப்போ தானா தோணும்."

அவள் அரியணைப் படியில் இருந்த வாளை எடுத்து நெற்றியில் வைத்தாள்.

"பகைவன் பாசறை பெயர்ற வரைக்கும், புறக்கோட்டையில கடைசி அடுப்புல உலை கொதிச்சதுன்னு சேதி வராம என் வாயில ஒரு பருக்கை படாது. இது என் சத்தியம்."

வில்லவராயர் முதன்முறையாக முறைப்படி வணங்கி, படைத்தலைவர்களை அழைத்துவரச் சொல்லி வாயிற்காவலனை விரட்டினார். வெளியே களஞ்சியக் கதவுகள் கரகரவென்று திறக்கும் ஓசை எழுந்தது. மரியாதையான சொற்களில் கைதேர்ந்த திருமலையுடையார் இடுப்புக் கச்சையை அவிழ்த்து, ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டார்.