வலது கன்னத்தின் வயது

காலை ஆறரைக்குச் சாயல்குடியிலிருந்து கிளம்பும் பேருந்தில் இடதுபக்க இருக்கைகள்தான் முதலில் நிரம்பும். அருப்புக்கோட்டை போய்ச் சேரும்வரை வெயில் வலதுபக்கமாகத்தான் ஏறும். மதியம் திரும்பி வரும்போதும், என்ன சாபமோ, அதே வலதுபக்கம்தான். வலது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை போய்வந்தால் தோல்வயது ஒரு வாரம் கூடிவிடும் என்று ஊரில் பேச்சு. வேறு வழியில்லாமல் அங்கே உட்கார்ந்தவர்கள் நிழற்களிம்பை அப்பிக்கொண்டு, துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, யாரோ தண்டனை கொடுத்ததுபோல வருவார்கள்.

வலதுபக்கம் உட்கார்ந்து முணுமுணுக்காத ஒரே ஆள் முத்துராக்குதான். அவள் அந்தப் பேருந்தின் ஓட்டுநர்.

மற்ற தடங்களில் எல்லாம் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தானோட்டிகள் வந்துவிட்டன. இந்தத் தடத்திலும் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். ஆட்டுமந்தை குறுக்கே வந்தால் தானோட்டி நின்றுவிடும், மந்தை முடிகிறவரை நிற்கும். இந்தச் சாலையில் மந்தை முடிவதில்லை. மூன்றாம் நாள் அதை இழுத்துக்கொண்டு போக முத்துராக்குதான் வண்டி ஓட்டி வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு நெனப்பிருக்குல்ல?" என்றான் நடத்துநர் சேகுதாவூது, பெருநாழி தாண்டியதும். "இடது. இடது கன்னத்தக் காட்டுங்க. தப்பித் தவறிக்கூட வலது பக்கம் திரும்பிறாதீக."

"எத்தனை தடவைடா சொல்லுவ? நான் என்ன பச்சப்புள்ளையா?"

"பச்சப்புள்ளையா இருந்தாத்தான் நல்லதுன்றேன். எங்க வாப்பாவப் பாருங்க. நல்லாத் தூங்குறாரு, சீனி தொடுறதில்ல, வெளிய தலை காட்டுறதில்ல. இப்ப சட்டப்படி அவருக்கு என்னைவிட ரெண்டு வயசு கம்மி. வாப்பாங்கிறதா, தம்பிங்கிறதான்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

பேருந்தில் சிரிப்பு எழுந்தது. துண்டு சுற்றிய முகங்களும் சிரித்தன, கோடு விழுந்துவிடாதபடி கொஞ்சமாக.

தோல்வயதுச் சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிறந்த தேதி ஒரு தற்செயல், வாழ்ந்த விதமே உண்மையான வயது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். தோலுக்கு அடியில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் கயிற்றுக் கட்டில்போலப் பின்னிக்கிடக்கிறது. வெயில் அந்தக் கயிறுகளை அறுக்கும். சர்க்கரை அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கவைக்கும். புகை அவற்றைப் பட்டினி போடும். தூக்கம் மட்டும்தான் பொறுமையாக உட்கார்ந்து அறுந்த இழையைக் கோக்கும். நார்மானி என்ற கருவியைத் தோலில் ஒரு நொடி அழுத்தினால் போதும், பின்னல் எவ்வளவு மிச்சம் என்று ஒளியால் தடவிப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண்தான் சட்டப்படி வயது. பள்ளியில் சேர்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே.

ஊரே மாறிப்போனது. தெருக்களுக்கு மேல் நிழல்வலை கட்டினார்கள். கல்யாணங்கள் சூரியன் சாய்ந்த பிறகுதான் நடந்தன, அதுவும் கேசரி இல்லாமல். ஊரோரத்து டீக்கடையில் சீனி கேட்பவனை மற்றவர்கள் பாவமாகப் பார்த்தார்கள்.

இந்த ஆண்டு ஓட்டுநர்களின் முறை. தோல்வயது ஐம்பத்தெட்டைத் தாண்டினால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பிறப்புப்படி முத்துராக்குவுக்கு நாற்பத்தொன்பது. ஆனால் அந்த எண் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கோ அந்த வண்டியைத் தவிர வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கணவன் பூமிநாதன் போனபின், அவன் நடத்துநராக ஏறி இறங்கிய அந்த வண்டிதான் அவளுக்கு வீடு. வீடு என்று இருந்தது வெறும் தூங்குகிற இடம்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 'தோலின் ஓரிடத்தில்' என்றுதான் எழுதியிருந்தார்கள், எந்த இடம் என்று எழுதவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார்கள். உப்பளத்துப் பெண்கள் வயிற்றைக் காட்டினார்கள். ஓட்டுநர்கள் எல்லோரும் இடது கன்னத்தைக் காட்டினார்கள். அளக்கிறவர்களும் கண்டுகொள்ளவில்லை.

அருப்புக்கோட்டைப் பணிமனையின் அளவை அறையில் இருந்த அலுவலர் வத்சலாவுக்குப் பிறப்பு வயது அறுபத்தொன்று, தோல்வயது முப்பத்துமூன்று. கண்ணாடிப் பொம்மைபோல உட்கார்ந்திருந்தாள்.

"எந்தப் பக்கம்மா?"

"இடது."

கருவி குளிர்ச்சியாகக் கன்னத்தில் பதிந்து எழுந்தது. சுவரில் படம் விரிந்தது. ஆண்டுக்கு ஒரு பட்டையாக, மரத்தை அறுத்த வெட்டுமுகம்போல.

"நாற்பத்தாறு. ரொம்ப நல்லாயிருக்கு," என்றாள் வத்சலா. "இந்த ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு. அந்த வருஷம் தூங்கவே இல்லையா?"

"அது அவுக ஆஸ்பத்திரில கெடந்த வருசம்."

"ஓ." வத்சலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பரவாயில்லைம்மா. மத்தபடி சுத்தமா இருக்கு. இதை வாசிச்சுக் காட்டணும், அப்புறம் கைரேகை வச்சிடுங்க." பிறகு சான்றிதழைப் பாராமலே ஒப்பித்தாள். "வெயில் தொடர்பு மிகக் குறைவு. பெரும்பாலும் வீட்டினுள் இருந்தவர். அமைதியான பழக்கங்கள். மேலே கண்டதே நான் வாழ்ந்த வாழ்வு என உறுதி கூறுகிறேன்."

முத்துராக்கு கட்டைவிரலை நீட்டியவள் நிறுத்தினாள்.

பூமிநாதனின் இறப்புச் சான்றிதழ் அவளுக்கு வரி வரியாகத் தெரியும். அவனுக்கு ஐம்பதுதான். நார்மானி அறுபத்தொன்பது என்றது. காரணம் என்ற இடத்தில் யாரோ ஓர் எழுத்தர் 'பழக்கவழக்கக் கேடு' என்று எழுதிவைத்திருந்தார். பீடி தொடாதவன். படிக்கட்டில் நின்று, வெயிலிலும் உப்புக்காற்றிலும் தலையை வெளியே நீட்டி, கிழவிகளைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டது அவனுடைய பழக்கவழக்கம். அன்றைக்கு அவள் வாய் திறக்காமல் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சுவரில் இருந்த படத்தை அவள் மறுபடி பார்த்தாள். அதில் பட்டை பட்டையாக யாரோ ஒருத்தி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"இதுல நான் வண்டியே ஓட்டலையேம்மா," என்றாள்.

"அதுதான் உங்களுக்கு நல்லது."

"நல்லதுதான். ஆனா இது நான் இல்ல." முகத்தைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் வைங்க."

"அம்மா, கைரேகை வச்சுட்டா மாத்த முடியாது. யோசிச்சுக்குங்க. வேலை போயிடும்."

"ஓட்டுனதுனாலதான் இந்தக் கன்னம் இப்படி ஆச்சு. ஓட்டலைன்னு பொய் சொல்லியா ஓட்டுறது? வைங்கம்மா."

படம் விரிந்தபோது வத்சலா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. அறுந்த இழைகளும் கோத்த இழைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, கோடைக் கண்மாயின் வெடித்த தரைபோல. ஒவ்வோர் ஆண்டும் தன்னைத் தெளிவாக எழுதியிருந்தது. முத்துராக்குவுக்கு அது அழகாகத்தான் பட்டது.

"அறுபத்துநாலு," என்றாள் வத்சலா, வாய்க்குள்.

முத்துராக்கு கட்டைவிரலை அழுத்திப் பதித்தாள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். விஷயம் தெரிந்ததும் சேகுதாவூது தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கெடுத்தீகளேக்கா! ஒரு கன்னத்தக் காட்ட வந்த எடத்துல என்ன வீராப்பு?"

"எந்திரிடா. சனம் வெயில்ல நிக்குது. டிப்போவுலேருந்து வேற டிரைவரக் கூப்பிடு."

சொல்லிவிட்டு அவள் பயணிகளோடு பயணியாக வலதுபக்க ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வீடு திரும்பினாள். வழியெல்லாம் கால் தானாக பிரேக்கைத் தேடியது.

பதினோராம் நாள் அவள் வீட்டு வாசலில் நிழற்கூண்டு வைத்த கார் ஒன்று நின்றது. மாவட்டத்துக்குச் சட்டம் எழுதும் மூத்தோர் மன்றத்தின் தலைவர் நவநீதன் இறங்கினார். பிறப்பால் எழுபத்துநான்கு, தோலால் முப்பத்தாறு. பின்னால் ஆறு உறுப்பினர்கள், எல்லோரும் கல்லூரி மாணவர்கள்போலப் பளபளத்தார்கள்.

"வணக்கம்… அம்மா," என்றார் அவர். அந்தச் சொல் வருவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டது.

"வாங்க தம்பி," என்றாள் முத்துராக்கு. சட்டப்படி அதுதான் சரி.

விஷயத்தை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தோல்வயதுச் சட்டத்தை நாளைக்கு எந்த இளவட்டமும் கலைத்துவிடக் கூடாது என்று, அறுபது தாண்டியவர்கள் மட்டுமே அதில் கைவைக்கலாம் என்று எழுதியவர் அவர்தான். மன்றத்தில் உட்காரவும் அதே அறுபது. எழுதும்போது வயது என்றால் பிறந்த வயது என்று மனதுக்குள் நினைத்திருந்தார். தாளில் தோல்வயது என்று இருந்தது. ஒன்பது ஆண்டுகள் தூங்கியும் பூசியும் இனிப்பை ஒதுக்கியும், ஏழு பேரும் உட்காரும் தகுதியை இழந்துவிட்டார்கள். மாவட்டம் முழுக்கத் தேடிப் பார்த்தார்கள். அக்குளும் வயிறும் இடது கன்னமுமாக, பதிவேட்டில் ஒருவருக்கும் அறுபது ஆகவில்லை.

"உங்களைத் தவிர," என்றார்.

"அப்ப மன்றம்னா இப்ப நான் மட்டுந்தானா?"

"ஆமாம்மா. ஒரே ஒரு திருத்தம். மன்றத்துக்கான வயதை முப்பதாகக் குறைத்துக் கையெழுத்துப் போட்டால் நாங்க பழையபடி…"

முத்துராக்கு உள்ளே போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சட்டத்தாளையும் பேனாவையும் வாங்கினாள். முதலில் ஓட்டுநர் வயது வரம்பை அடித்தாள். கண்ணும் காலும் கையும் சரியாக இருக்கிறவரை ஓட்டலாம் என்று தன் கையெழுத்திலேயே எழுதினாள். அடுத்து, சான்றிதழில் 'பழக்கவழக்கக் கேடு' என்ற சொல் இனி வரக்கூடாது, வந்த இடத்தில் எல்லாம் செய்த தொழிலின் பெயரை எழுத வேண்டும் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள்.

"எங்க திருத்தம்?" என்றார் நவநீதன்.

"அத ஏன் தம்பி குறைக்கணும்? நீங்க ரோசிச்சுப் போட்டதுதான. அறுபது ஆகட்டும், வந்து உக்காருங்க."

சேகுதாவூது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறின.

மறுவாரம் அவள் பழைய இருக்கையில் ஏறினாள். மதிய வண்டி அருப்புக்கோட்டை நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது சேகுதாவூது, "அக்கா, அங்க பாருங்க, அங்க பாருங்க!" என்று கத்தினான்.

நிழல்வலை இல்லாத ஒரே இடமான பழைய மைதானத்தில் ஏழு நாற்காலிகள் போட்டிருந்தன. மன்றத்து உறுப்பினர்கள் சட்டையில்லாமல், களிம்பில்லாமல் உச்சிவெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு தட்டு நிறைய ஜிலேபி. இருவர் பீடி பற்றவைத்து இருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூங்கி விழும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர் விலாவில் குத்தி எழுப்பினார்.

முத்துராக்கு வண்டியை ஓரமாக நிறுத்தினாள். நவநீதன் வியர்வை வழிய எழுந்து ஓடிவந்து, அவளுடைய ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். மூக்கு உரிந்திருந்தது.

"அம்மா, நாலு நாளா உட்கார்ந்திருக்கோம். கருவியில ஒரு வயசுகூட ஏறலை. உங்க கன்னம் மாதிரி ஆகறதுக்கு எவ்வளவு நாளாகும்?"

முத்துராக்கு கியரைப் போட்டாள்.

"எனக்கு இருபத்தாறு வருசமாச்சு," என்று சொல்லிவிட்டு, ஹாரனை அடித்து, வெயிலுக்குள் வண்டியைத் திருப்பினாள்.