பூட்டு வைத்த இடம்

மோட்டாரை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகியும் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

திம்மப்பன் பிளக்கையும் பிடுங்கிவிட்டார். அப்படியும் இடுப்பு உயரக் கண்ணாடித் தொட்டிக்குள், அடியில் செருகிய குழாயிலிருந்து கிளம்பிய சிவப்புத் தண்ணீர் ஜெலட்டின் கட்டியைக் கிழித்துக்கொண்டு, வெற்றிலை அகலத்துக்குத் தகடாக விரிந்து, அவசரமே இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது.

ஓசூர் சிப்காட்டின் கடைசித் தெருவில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் காய்ச்சி ஊற்றுவது அவர் வேலை. ஜெலட்டின்தான் பூமியின் மேலோடு; சிவப்புத் தண்ணீர்தான் அடியிலிருந்து கீறிக்கொண்டு வரும் பாறைக்குழம்பு. அதற்குமுன் பேரிகைப் பக்கம் பதினெட்டு வருஷம் குவாரியில் கறுப்புக் கல் உடைத்தவர் அவர். அங்கே ஜெலட்டின் என்றால் வெடிக்குச்சி. வெள்ளைப் பாறைக்குள் சுவர் மாதிரி நிற்கும் அந்தக் கறுப்புக் கல்லும் ஒரு காலத்தில் இப்படி ஏறிவந்த குழம்புதான் என்று ஆய்வை நடத்தும் ஸ்வாதி மேடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆறிப்போன குழம்புக்கு இத்தனை படிப்பா?

"மேலே எங்க பாரம் இருக்கோ, அதைத் தேடித்தான் அது வரும்" என்பார் மேடம். பாரத்துக்குப் பித்தளை எடைக்கல் வைப்பது வழக்கம்.

இன்று ஆயுத பூஜை. எடைக்கற்கள் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன் இருந்தன; நாளைக் காலைவரை தொடக்கூடாது. மேடமோ போனில், "நாளைக்கு ஜெலட்டின் கெட்டுடும். வேற எதையாவது வச்சு ஓட்டிடுங்க" என்றுவிட்டார். திம்மப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையில் கிடந்த தன் வீட்டுப் பூட்டை எடுத்து, திறந்தபடியே ஜெலட்டின்மேல் வைத்தார். மகள் ரூபா பிரசவத்துக்கு வந்திருந்ததால் காலையில் வீட்டைப் பூட்டத் தேவைப்படவில்லை. மனைவி மாரம்மா வேலை செய்யும் ரோஜாப் பண்ணையில் பூஜை; அவள் அங்கே போயிருந்தாள்.

வெளியே பிற்பகல் வெயில். எந்தக் கம்பெனியிலும் சங்கு ஊதவில்லை, மெஷின் இரையவில்லை. வாசல்களில் உடைத்த பூசணிக்காயின் வாடை உள்ளே வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை. துளைபோடும் கம்பி கல்லுக்குள் சூடேறும்போது வருமே, அது. குவாரியை விட்டபின் அவர் மூக்கு அதை மறந்தே போயிருந்தது.

பூட்டை இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு நகர்த்திப் பார்த்தார். விரலில் லேசாகச் சூடு தட்டியது.

சிவப்பு நின்றது. பிறகு வலப்பக்கம் திரும்பியது.

அது வீட்டுப் பூட்டு. ஏனென்று யோசிக்காமலே மகளுக்குப் போன் போட்டார்.

"ரூபா, என்னம்மா பண்ற?"

"நடு ஊட்டுல படுத்துக்கினு இருக்கேம்பா. ஒரே இடுப்பு வலி. இப்ப என்னமோ தரை கதகதன்னு இருக்குது, ஒத்தடம் குடுத்தாப்பல. எந்திரிக்கவே மனசு வரல."

அவர் வீடு, கைவிடப்பட்ட குவாரிப் பள்ளத்தை ஒட்டி, அந்தக் கறுப்புக் கல்லின் தலைமேல் நின்றது.

"எந்திரி. வெளிய போயிடு கண்ணு. சீக்கிரம்!"

முனகல். சுவரைப் பிடித்து எழும் சத்தம். கதவு தடதடத்தது.

"தொறக்கலியேப்பா. வெளிய பூட்டிக் கெடக்குது. நீதான் பூட்டிக்கினு போனியா?"

திம்மப்பன் பூட்டைப் பார்த்தார். மூடியிருந்தது.

சாவியைத் தேடி எடுத்து நுழைத்தார். திரும்பவில்லை. பூட்டைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கை பொசுங்கியது. பூட்டு இம்மிகூட அசையவில்லை.

"அப்பா, கால் சுடுதுப்பா."

போனில் கதவை இடித்தாள். அவர் இழுத்தும் அசையாத பூட்டு தொட்டியில் குதித்தது.

மறுபடி இடி. மறுபடி குதித்தது.

சிவப்புக்கும் பூட்டுக்கும் இடையே இரண்டு விரல்கடை.

ஒரு விரல்கடை.

"அப்பா!"

சிவப்பு பூட்டைத் தொட்டது.

பூட்டு குதிப்பது நின்றது.

போன் கட் ஆகவில்லை. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சாவித் துவாரத்திலிருந்து சிவப்பு மெதுவாக வழிந்தது. வழிய வழியக் கறுத்து, அவர் கண்ணெதிரே கல்லாகிக்கொண்டிருந்தது.