வெற்று உருளையின் எடை

உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாதபோது சலவை இயந்திரம் பதினான்கு கிலோ காட்டியது.

கண்ணாடிக் கதவுக்கு மேலே இருந்த சிறு சட்டத்துக்குள் சிவப்பு எண்கள் சிமிட்டாமல் எரிந்தன. மெக்கானிக் பல்லில் கவ்வியிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு, "உள்ள ஏதாவது விட்டுட்டீங்களாக்கா?" என்றார்.

அவள் கதவைத் திறந்து உருளைக்குள் தலையை நுழைத்தாள். ஓர் ஆள் கால்களை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு அகலம். சுற்றிலும் துளைபோட்ட எஃகுச் சுவர். சோப்பு வாசனையை எதிர்பார்த்தாள், வந்தது வேறு. மழையில் நனைந்து வந்து, துவட்டாமலே தூங்கிப்போன தலையின் வாசனை. "ஒண்ணுமில்லையே" என்றாள். அவள் குரல் உள்ளே ஒரு சுற்றுப் போய்விட்டுச் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தது.

"பழைய மிஷின்ல இது சகஜம். எடை பாக்கற சென்சாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். ஜீரோ பண்ணி விட்டுடறேன்." ஒரு பொத்தானை வெகுநேரம் அழுத்திப் பிடித்தார். பதினான்கு அணைந்து, சுழியம் எரிந்தது. "அவ்வளவுதான். இனிமே இப்ப இருக்கறதுதான் அதுக்குக் காலி. உள்ள ஒண்ணுமே இல்லன்னு நம்பிக்கும்."

மூடிவிட்ட ஒரு லாட்ஜிலிருந்து வந்த இயந்திரம் அது. அதை உள்ளே கொண்டுவர, பின்கதவின் நிலையைப் பெயர்த்துச் சுவரில் ஒரு சாண் வெட்டவேண்டியிருந்தது. பின்னறைத் தரையைத் தோண்டி, காங்கிரீட் மேடை போட்டு, பத்து நாள் அதற்குத் தண்ணீர் ஊற்றி, கட்டைவிரல் தடிமனில் நான்கு போல்ட்டுகளை இறக்கியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் அத்தனை நாளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"வீட்டுக்குள்ள வைக்கற சாமானாம்மா இது? மாப்பிள்ளைய ஒரு நல்ல பராமரிப்பு இல்லத்துல சேத்துட்டு நீ எங்களோட வந்து இரு. எத்தனை நாளைக்குத்தான் தனியா மல்லுக்கட்டுவ?"

"மிஷின் உள்ள வரணும். கொஞ்சம் வழிய விடுண்ணா."

அண்ணனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கணவன் லாரி ஓட்டியவன். விபத்து நடந்து இரண்டு வருடமாகிறது, இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரிவதில்லை. ஊரின் மறுகோடியில் இருந்த சலவைக்கூடத்துக்கு அவள் தினமும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் திரும்பி வந்தபோது அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தான். காலையிலிருந்து. "கீழ குளுகுளுன்னு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தான். அன்றைக்கே முடிவு செய்தாள்: இனி வேலைதான் வீட்டுக்கு வரவேண்டும், அவள் வேலைக்குப் போகக்கூடாது. இந்த இயந்திரம் ஓடினால் அவன் அவளோடு இருப்பான். ஓடாவிட்டால் அந்த நல்ல இல்லம்.

மெக்கானிக் கிளம்பியதும் கணவன் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தான். "முதலாளியம்மா, இனிமே என்னைக் குளிப்பாட்ற வேலை மிச்சம். அதுல போட்டு ஒரு சுத்து விட்டு எடுத்துடு."

"பிழியறப்ப கத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

மறுநாளே இரண்டு லாட்ஜுகளிலிருந்து படுக்கை விரிப்புகள் வரத் தொடங்கின. இயந்திரம் நன்றாகவே ஓடியது. ஆனால் பிழியும் சுற்றில், அந்த நீண்ட விம்மலுக்கு அடியில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் கேட்டது. ஈரத் துணியின் 'சத்' அல்ல, அதைவிட அடர்த்தியான, முழங்காலோ முழங்கையோ போய் மோதுவது போன்ற ஒன்று. மெக்கானிக்கைப் போனில் பிடித்தாள். "லோடு ஒரு பக்கமா சேர்ந்திருக்கும். பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்கக்கா" என்றார். பிரித்துப் போட்டாள். தட்டல் போகவில்லை. மின்சாரத்தை அணைத்த பிறகும், தெருவில் சைக்கிள் சத்தம்கூட இல்லாத மத்தியானங்களில், உருளை தானாகக் கையகலம் நகர்ந்து மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்புவதைக் கேட்டாள். தூக்கத்தில் யாரோ புரண்டு படுக்கிற சத்தம். ஒவ்வொரு முறையும் ஒரு விரிப்பு மட்டும் சுருண்டு வந்தது. நடுவில் ஒரு குழிவு. கடைசியாக அலசுவது பச்சைத் தண்ணீரில்தான், ஆனாலும் அந்தக் குழிவு வெதுவெதுப்பாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் அண்ணன் வண்டியோடு வந்து நிற்பார். ஒரு காலையில், தட்டல் அதிகமானபோது, அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் நெற்றியில் உள்ளங்கையை ஓங்கி வைத்தாள்.

"நீ யாரா வேணா இரு. இது வேலை நடக்கற வீடு. இருக்கறதுன்னா ஒழுங்கா அடங்கி இரு. என்னை இங்கேருந்து கிளப்பலாம்னு மட்டும் நினைக்காத."

மறுநாள் தட்டல் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அதட்டினால் அடங்குகிற ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு வந்த ஒரு மத்தியானத்தில் மேகம் இறங்கி, மூன்று மணிக்கே அறைகள் சாம்பல் நிறமாகிவிட்டன. கடைசி லோடில் கணவனின் போர்வையையும் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் உருவி எடுத்து, பக்கத்திலிருந்த உலர்த்தும் இயந்திரத்தில் காய வைத்து, போர்வையை மட்டும் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. இன்னும் காயவில்லை போல என்று நினைத்தாள். அவன் அரைத் தூக்கத்தில் இருந்தான். அவன் மேல் விரித்து, பாதம்வரை இழுத்துவிட்டாள். இரண்டு வருடமாகத் தரை தொடாத பாதங்கள். தோல் கனிந்து, வெடிப்பு மறைந்து, பிறந்த குழந்தையினுடையதைப் போல் மிருதுவாகியிருந்தன.

பின்னறைக்குத் திரும்பி வந்து, உருளையின் விளிம்பைத் துடைக்கக் குனிந்தாள். மேலே எண்கள் எரிந்தன. பதினான்கு. சென்சார் மறுபடி கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள்.

எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தது. தூசி என்று கட்டைவிரலால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

கோடு போகவில்லை. அது கழித்தல் குறி.

அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. இயந்திரத்துக்குக் கிறுக்கெல்லாம் பிடிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அது சரியாகத்தான் எடை பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பதினான்கு கிலோவையும் சேர்த்துத்தான் காலி என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அந்தக் காலியிலிருந்து பதினான்கு கிலோ குறைகிறது.

உள்ளே இருந்தது வெளியே போயிருக்கிறது.

"இங்க வாயேன்."

கணவனின் குரல். அதில் என்றைக்கும் கேட்காத ஒரு நடுக்கம்.

"என் கால் மேல என்ன வச்சிட்டுப் போன?"

அவள் கையில் இருந்த துணி நழுவியது.

"கனமா இருக்கு. ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல. எனக்குத் தெரியுது. உண்மையாத்தான் சொல்றேன், எனக்குத் தெரியுது."

போனாள். அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது; சிரித்துக்கொண்டிருந்தான். போர்வை அவன் கால்களுக்கு நடுவே பள்ளமாக அமிழ்ந்திருந்தது. பள்ளத்தில் எதுவும் இல்லை. பள்ளம் மூச்சு விட்டது.

"எடுக்காத" என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"இல்ல. இது என் வீடு."

போர்வையின் நான்கு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, சலவைக்கூடத்தில் மூட்டை கட்டுகிற மாதிரி முறுக்கித் தூக்கினாள். கனம் இருந்தது. துணி எடுத்துப் பழகிய கைகளுக்குத் தராசு தேவையில்லை, போர்வை போகப் பதினான்கு. ஈரத் தலையின் வாசனை. மூட்டைக்குள்ளிருந்து ஏதோ அவள் வயிற்றோடு ஒட்டிச் சாய்ந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

முன்னறையைத் தாண்டினாள். கனம்.

கூடத்தின் நடுவே வந்தாள். கனம் குறைந்தது.

பின்னறை வாசல். மேலும் குறைந்தது. யாரோ ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கை துணியை எடுத்துக்கொண்டு பின்தங்குவது போல.

திரும்பிப் பார்க்கவில்லை. உருளைக்குள் மூட்டையை எறிந்து, கதவை அறைந்து சாத்தி, கைப்பிடியைத் திருகினாள். உள்ளே போர்வை அவிழ்ந்து விழுந்தது. வெறும் போர்வை.

எண்கள் போர்வையின் எடைக்கு மட்டும் மாறின. கோடு. பதின்மூன்று.

வீடு அமைதியாக இருந்தது. அவன் கூப்பிடவில்லை.

கட்டில் முனகியது.

பிறகு ஒரு சத்தம். ஈரமாக. மிருதுவாக. தரையில்.

நின்றது.

இன்னொன்று.

"ஏங்க?"

"நான் இல்ல." அவன் குரல் படுக்கையின் உயரத்திலிருந்து வரவில்லை. நிற்கிற ஆளின் உயரத்திலிருந்து வந்தது. "நான் நடக்கல. சத்தியமா நான் நடக்கல."

ஓடிவிடலாம். பின்கதவு திறந்துதான் இருந்தது. அவளே வெட்டி அகலமாக்கிய வாசல். அந்தப் பக்கம் போகாமல் அவள் வீட்டின் உட்பக்கம் பார்த்து நின்றாள். காலை அகட்டி ஊன்றி, இயந்திரத்தின் கதவை முழுக்கத் திறந்து வைத்தாள்.

"வா. உன் இடம் இது. அவரை விட்டுட்டு நீ மட்டும் வா."

கூடத்தின் சாம்பல் வெளிச்சத்தில் அவன் வந்தான். இடுப்புக்கு மேலே அவன்: கண்கள் பிதுங்க, வாய் கோண, கையில் கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொண்டு. நாற்காலியைப் பிடித்தான், நாற்காலியும் கூடவே இழுபட்டு வந்தது. கதவு நிலையைப் பிடித்தான். விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இடுப்புக்குக் கீழே யாரோ அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். பாதங்கள் இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. தரையை விரல்களால் தொட்டு, சோதித்து, அப்புறம் ஊன்றி. ஒவ்வோர் எட்டிலும் கொஞ்சம் தேறி.

"அண்ணனைக் கூப்பிடு" என்றான்.

"யாரும் வேண்டாம். நான் இருக்கேன்." அவள் நகரவில்லை. "என்னைப் பாருங்க. கீழ பாக்காதீங்க."

திறந்திருந்த உருளையைப் பாதங்கள் பொருட்படுத்தவில்லை. அதைக் கடந்து, நேராக அவளிடம் வந்தன. அவள் கால்விரல்களைத் தொட்டு நின்றன. மேலே அவன் இரண்டு கைகளாலும் அவள் தோள்களைத் தள்ளி, தள்ளி, அவளைத் தன்னிடமிருந்து விலக்கப் பார்த்தான். அவள் அசையவில்லை.

"தூக்காத" என்று அழுதான். "என்ன பண்ணாலும் அதைத் தூக்கிடாத."

கீழே, அவன் குதிகால்கள் மெல்ல உயர்ந்தன. எட்டாத உயரத்தை அண்ணாந்து, தூக்கிக்கொள்ளச் சொல்லிக் காத்திருக்கும் சின்னக் குழந்தையின் குதிகால்கள் உயர்வது போல.