காலி என்று எழுதிய நிலம்

சிவப்புக் கொடி ஏறிய பிறகும் திடலின் நடுவே ஒரு வெயில் தொப்பி தெரிந்தது. கேப்டனுக்குக் கோபம் தலைக்கேறியது. கொடி ஏறினால் துப்பாக்கிப் பயிற்சி தொடங்கப்போகிறது என்று அர்த்தம். ஈ காக்கை கூட உள்ளே இருக்கக் கூடாது. பயிற்சியை நிறுத்திவைத்துவிட்டு, வெடித்துக் கிடந்த தரையில் விடுவிடுவென்று நடந்தான்.

"வாசல்ல கொடியைப் பார்க்கலையா மேடம்?"

"நான் வந்தப்ப கீழதான் இருந்துச்சு. கொஞ்சம் குனிங்க..."

பத்து வருஷமாகக் கட்டளைக்குப் பழகிய உடம்பு அல்லவா, காரணம் கேட்காமல் குனிந்துவிட்டது. அவள் உள்ளங்கையில் ஒரு மண்கட்டி இருந்தது. அந்த மண்கட்டி கண்ணைத் திறந்தது!

காதல் கதை என்றால் கண்களில்தானே தொடங்க வேண்டும்... தொடங்கியது. ஆனால் அவன் முதலில் பார்த்தது தவளையின் கண்களை. தூக்கம் கெட்ட எரிச்சல் அவற்றில் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்புறம்தான் அதற்கு மேலே இருந்த இரண்டு கண்களைப் பார்த்தான். கருகருவென்று, வெயிலுக்குச் சுருங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு... பாவம், அங்கேயே மாட்டிக்கொண்டான்.

"மழை வர்ற வரைக்கும் மண்ணுக்குள்ள தூங்கும் சார். பாதியில எழுப்பிட்டேன். திட்டறதா இருந்தா மெதுவா திட்டுங்க."

அவள் சுற்றுச்சூழல் ஆய்வாளர். துப்பாக்கிப் பயிற்சி வேறு இடத்துக்கு மாறியதும், அந்தத் திடலில் ராணுவ லாரிகளை நிறுத்த ஒரு காங்கிரீட் தளமும், ஓரமாக டீசல் தொட்டியும் வரப்போகின்றன. கட்டுவதற்கு முன்னால், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. அன்று மாலைக்குள் முகாம் முழுக்க அவளுக்குத் 'தவளை மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மறுநாள் கர்னலின் அறையில் கூட்டம். சுவரில் முகாமின் வரைபடம் தொங்கியது. அலுவலகங்களுக்கு ஒரு நிறம், குடியிருப்புக்கு ஒரு நிறம், சாலைகளுக்கு ஒரு நிறம். அந்தத் திடல் மட்டும் வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு சொல்: காலி.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இதை வரைஞ்சவர் மழையில ஒருநாள்கூட அங்க நின்னிருக்க மாட்டார் சார். நாலு பக்கத்துத் தண்ணியும் அந்தப் பள்ளத்துலதான் நிக்கும், மண்ணுக்குள்ள தூங்கற தவளையே அதுக்குச் சாட்சி. அங்கேர்ந்துதான் கீழ குடியிருப்புக் கிணத்துக்கு ஊறுது. மேல டீசலை வச்சா, கிணத்துல டீசலைத்தான் இறைக்கணும்."

கர்னல் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் வரைபடத்தின் மூலையைப் பார்த்தான். அவளும் அங்கே பார்த்தாள். அவனுடைய கையெழுத்து! நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னதைத் திரும்ப வாங்கவா முடியும்?

அது அவன் போட்ட முதல் திட்டம். கோடையில் மாற்றலாகி வந்து, வெயிலில் அலைந்து அளந்து வரைந்தது. ஆட்கள் மாற்றலாகி வருவதும் போவதுமாக இருக்கிற முகாம் அது. போன மழையைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. ஒரு தவளையை வைத்துத் திட்டத்தை மாற்ற முடியாது என்றார் கர்னல். வெள்ளிக்கிழமை காலைக்குள் தண்ணீர் நிற்பதைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் 'பாதிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"காட்டறேன் சார்" என்றாள். வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை.

அதற்குப் பிறகு கேப்டன் அவளிடம் சட்டம் மட்டுமே பேசினான். தினமும் புது அனுமதிச் சீட்டு. கொடி ஏறினால் நுழையக் கூடாது. அவளும் விடுகிற ஆள் இல்லை. விடிந்ததும் அளவுகோலோடு வந்து திடலின் வாசலில் உட்கார்ந்துவிடுவாள். கோபுரத்தின் மேலிருந்து அவன் தூரநோக்கியில் பார்ப்பான். திடலைத்தான் பார்ப்பதாக அவன் நினைப்பு!

புதன்கிழமை அவன் அம்மா போன் செய்தார். மனசில் யாராவது இருந்தால் சொல்லித் தொலைடா என்று வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"காலிம்மா" என்றான். சொன்னதும் அந்தச் சொல் அவனையே குத்தியது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்ததய்யா மழை! சடசடவென்று, பள்ளமெல்லாம் நிரம்பி வழியும் அளவுக்கு. ஆனால் கொடி ஏறியிருந்தது. ஆறு மணி வரை பயிற்சி, அதற்குள் இருட்டிவிடும், விடிவதற்குள் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொப்பலாக நனைந்தபடி வாசலிலேயே நின்றாள். இன்னும் ஒரு ராத்திரி... அப்புறம் அந்தப் பொய்க்குக் கீழே தன் கையெழுத்து... மாட்டேன். நகரமாட்டேன்.

அவள் எதற்காக நிற்கிறாள் என்று கோபுரத்தில் இருந்தவனுக்கு நன்றாகவே தெரிந்தது. பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் அவனுக்கு இருந்தது. நிறுத்தினால், தன் தப்புக்குத் தானே சாட்சி கொடுத்தது போல ஆகும். முகாம் முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டுமே... அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே எல்லோர் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கின்றன? கீழே இறங்கிப் பயிற்சியை நிறுத்தினான். தன் கையாலேயே கொடியை இறக்கினான்.

"வாங்க. அளவுகோலை எடுத்துக்கங்க."

அவள் கொடிமரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

திடல் முழுக்கத் தண்ணீர். எங்கே பார்த்தாலும் தவளைகளின் கத்தல், காது கிழிந்தது. அவன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் படம் எடுத்தாள். முழங்கால் ஆழம்! ஒரு பூட்ஸ் சேற்றோடு போய், கேப்டன் ஒற்றைக் காலில் தள்ளாடினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்து முடித்த பிறகும் விடவில்லை.

"அன்னைக்கு... நீங்க வரைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"இதையேதான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் மரியாதையா."

மறுநாள் கூட்டத்தில் அவள் கோப்பைத் திறப்பதற்கு முன்பே அவன் எழுந்தான். கோடையில் பார்த்துவிட்டுக் காலி என்று எழுதியது தன் தப்பு என்றான். சிவப்புப் பென்சிலால் அந்தச் சொல்லை அடித்தான். அவள் எடுத்த படங்களைக் கர்னல் நிதானமாகப் பார்த்தார். லாரித் தளம் மேட்டுப் பக்கம் போகட்டும், முழுத் திட்டத்தையும் அவனே மறுபடி வரையட்டும் என்றார். இந்த வருஷப் பதவி உயர்வை மறந்துவிடலாம் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. அவன் சரி என்றான். அவளுக்குத்தான் கண் கலங்கியது.

வாசலில் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். வேலை முடிந்தது. அவன் சீட்டை வாங்கினான், ஆனால் நகரவில்லை.

"இன்னொரு இடத்தையும் காலின்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம். எங்க அம்மாகிட்ட. அதுவும் தப்பு."

"எந்த இடம்னு தெளிவா சொல்லுங்க சார். நான் ரிப்போர்ட் எழுதறவ."

அவனுக்குக் காது சிவந்தது. "என் மனசு. தவளையைக் கையில வச்சுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தீங்களே... அன்னைலேர்ந்தே அங்க நீங்கதான் இருக்கீங்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தாள். 'பாதிப்பு இல்லை' என்ற கட்டம் வெறுமையாகவே இருந்தது.

"நல்லவேளை, இதுல கையெழுத்துப் போடல" என்றாள் தலை குனிந்தபடி. "பாதிப்பு இருக்கு... எனக்கும்தான்."

பிறகு நிமிர்ந்து, முதலில் அம்மாவிடம் திருத்திச் சொல்லும்படி கட்டளையிட்டாள். கட்டளைக்குப் பழகிய உடம்பு அல்லவா... அங்கேயே போனை எடுத்தான்.

"அம்மா... புதன்கிழமை உங்ககிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்..."